அவர் இடுப்பில் குறைந்த ஆறு அங்குலம்

தோழிகளே, இன்று சூலியா தெருத் தையற்கடையில் என்னைப் பைத்தியம் என்றே நினைத்துவிட்டார்கள்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததிலிருந்து அரிசி இல்லை, வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். சர்க்கரை நோயுள்ள என் கணவரின் தொப்பை கரைந்துகொண்டே போக, பயந்துபோய் நேற்று அவரை டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டர் சிரித்தார். "தொப்பை இறங்கினதுல சர்க்கரையும் இறங்கியிருக்கும்மா. மறுபடி ஏற விடாதீங்க. சத்துக் குறைஞ்சு கால் வீங்கினா மட்டும் ஓடி வாங்க."

இன்று அவருடைய காற்சட்டையையும், இடுப்பளவுக்கு முடிச்சுப் போட்ட கயிற்றையும் தையற்கார அண்ணனிடம் கொடுத்தேன். கயிற்றை நாடாவில் வைத்துப் பார்த்தார்.

"நாப்பது முப்பத்திநாலாயிருச்சா! கவலப்படாதீங்க தங்கச்சி. வெட்டாம உள்ள மடிச்சுத் தைக்கிறேன். அரிசி வந்ததும் பிரிச்சுக்கலாம் லா."

"வேணாண்ணே, வெட்டிடுங்க."

"துணி கிடைக்காத காலத்துலயா? மச்சான் திரும்பப் பெருத்தா?"

"பெருக்கக் கூடாதுன்னுதான் வெட்டச் சொல்றேன்."

கத்தரியை எடுக்கவே அவருக்கு மனம் வரவில்லை; கடைசியில் எனக்காக வெட்டினார்.

வெட்டிய துண்டில் மகளுக்கு ஒரு பொம்மை தைத்துவிட்டேன். கட்டிக்கொண்டு தூங்குகிறாள். இனி எத்தனை மூட்டை அரிசி வந்தாலும், அந்த ஆறு அங்குலத்தை அவளிடமிருந்து அவள் அப்பா வாங்கிவிடுவாரா?

உங்கள் வீட்டு இடுப்புகள் என்ன நிலவரம்?