அலமேலு அம்மா வெட்டச் சொன்ன பேச்சு

போன் வந்தது

பாராட்டு விழாவுக்குப் படம் எடுப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடை திறப்பு என்று இந்த வட்டாரத்தில் என் கேமரா ஏறாத மண்டபம் கம்மி. மலையிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து ஹெச்.எம். போன் செய்தபோது ஆண்டு விழாவுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"ஆண்டு விழா இல்ல பாய். நம்ம ஸ்கூல்ல படிச்சிட்டுப் போயி நல்ல நெலமையில இருக்கறவங்கள கூப்புட்டு மரியாத பண்றோம். ஒவ்வொருத்தர பத்தியும் ஒரு சின்ன படம் வேணும். வேலை செய்யற எடத்துல கொஞ்சம், சொந்த ஊர்ல கொஞ்சம். பாக்கற புள்ளைங்களுக்கு நாமளும் இப்பிடி ஆவணும்னு தோணணும். அவ்ளோதான்."

மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒருவர் தாசில்தார், ஒருவர் ராணுவத்தில் சுபேதார். மூன்றாவது தனலட்சுமி அம்மா. வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊரில் பிறந்து, சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சிங் சூப்பரிண்டெண்டாக இருந்தார். சீக்கிரமே ஓய்வு பெறப் போகிறவர். மற்ற இரண்டு படங்களும் சிக்கலில்லாமல் முடிந்தன. இது தனலட்சுமி அம்மாவின் படத்தைப் பற்றியது.

சென்னைக்குப் போய் அவரை எடுத்தேன். வார்டுக்குள் அவர் நடந்து வந்தால் பேச்சுச் சத்தம் தானாக அடங்கும். ஆனால் படுத்திருக்கிற நோயாளியிடம் குனிந்து பேசும்போது குரல் மாறிவிடும். ஒரு கிழவருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு, "இன்னா பெருசு, ராத்திரி தூங்கினியா இல்லியா?" என்று மலைப் பேச்சிலேயே கேட்டார். நல்ல ஷாட். படத்தின் தொடக்கத்துக்கு அதையே வைத்தேன்.

அவருடைய அறையில் லேப்பல் மைக் மாட்டிவிட்டு உட்காரவைத்தேன். யாருக்கு நன்றி சொல்வீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"எங்க அக்காவுக்கு. அவங்களும் அதே ஸ்கூல்லதான் படிச்சாங்க. அப்பா மரத்துலேர்ந்து விழுந்து படுத்துட்டாரு. எனக்காக அவங்க படிப்ப விட்டுக்கொடுத்தாங்க. அவங்க இல்லன்னா நான் இல்ல."

சொல்லி முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். கண் கலங்கும் என்று எதிர்பார்த்து கேமராவை ஓடவிட்டேன். கலங்கவில்லை. மைக்கைத் தானே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

சாமைக் கொல்லையில்

அடுத்த வாரம் அக்கா அலமேலு அம்மாவை எடுக்கப் போனேன். கச்சிராயபாளையம் வழியாக மலைப் பாதையில் பஸ். வெள்ளிமலையில் இறங்கி ஜீப். அதற்கு மேல் நடை. தோளில் ஸ்டாண்டும் பையும் தொங்க நான் வருவதைக் கொல்லையிலிருந்தே பார்த்துவிட்டு, வரப்புக்கு வந்து நின்றார். தங்கையைவிட மூன்று வயது மூத்தவராம். பார்த்தால் பத்து வயது மூத்தவர் போலிருந்தார். ஆனால் அதே நெற்றி, அதே நடை.

"தனம் போன் பண்ணிச்சி. உக்காருங்க பாய். இவ்ளோ மூட்டைய நீங்களே தூக்கிக்கினு வந்தீங்களா?"

மோர் கொடுத்தார். அப்போதிருந்தே அவர் பேசுவதையும் நடமாடுவதையும் துண்டு துண்டாக எடுத்தேன். கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகன் திருப்பூரில். சாமையும் மரவள்ளியும் தனியாகத்தான் பார்த்துக்கொண்டார். கூடவே, கொல்லையில் வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கூலிக் கணக்கை வாயாலேயே போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலில் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. உங்கள் தங்கையை நினைத்தால் எவ்வளவு பெருமையாக இருக்கிறது? வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதற்கு ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள். அதைக் கேட்பதற்கு முன்னால், மனசு இளகட்டும் என்று, சென்னையில் எடுத்ததை கேமராவின் சின்னத் திரையில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். வார்டு, கிழவர், தலையணை எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே பார்த்தார். தங்கை நன்றி சொன்ன இடம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"இன்னொரு தபா போடுங்க."

போட்டேன். கேட்டு முடித்துவிட்டுக் கொல்லையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டுக் கேள்வியைக் கேட்டேன்.

"பெருமைதான். பெருமை இல்லாம போவுமா? ஆனா இது இன்னா பேச்சு? விட்டுக்கொடுத்தேன்னு சொல்லுது. நான் எங்க வுட்டுக் குடுத்தேன்? எடுத்துக்கினாங்க."

நான் ஃபோகஸை மட்டும் சரிசெய்தேன்.

"எட்டாவது பாஸ் பண்ணி வூட்ல இருந்தேன். லீவு முடிஞ்சிது. பையத் தூக்கிக்கினு கெளம்பறேன், எங்கம்மா கொல்லைக்கு வான்னுது. ஒரு நாளைக்குத்தான்னு நெனச்சேன். மறுநாளும் வான்னுது. இனிமே ஸ்கூலு இல்லன்னு ஒருத்தரும் சொல்லல பாய். நானா தெரிஞ்சிக்கினேன். என் ஸ்கூல் நீலப் பாவாடையப் புடிச்சி சின்னதாக்கி தனத்துக்குத் தெச்சாங்க. அப்பதான் தெரிஞ்சிக்கினேன்."

"உங்களுக்கு என்னவா ஆகணும்னு ஆசை இருந்துச்சிம்மா?"

"இன்னாவா ஆவணும்னு எல்லாம் யாருக்குத் தெரியும் அப்ப? ஒம்பதாவது போவணும்னு இருந்துச்சி. கணக்கு நல்லா போடுவேன். அவ்ளோதான்."

அவர் அழவில்லை. யார் மீதும் கோபமாகவும் பேசவில்லை. ரொம்ப நாளாக வைத்திருந்த ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்ப்பது போலச் சொன்னார். பிறகு கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"இது ஓடிக்கினா இருக்குது?"

"ஓடுதும்மா."

"ஐயோ, இத வெட்டிடுங்க பாய். தனம் கேட்டா மனசு ஒடஞ்சிடும். அது இன்னா பண்ணும், சின்னப் புள்ள. அதுவா கேட்டுச்சி? எனக்கு எதிர்க்க அழிச்சிடுங்க."

படத்தில் போட மாட்டேன் என்றேன். அவருக்கு அது போதவில்லை. பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மெமரி கார்டிலிருந்து அந்தக் கிளிப்பை அவர் கண்ணெதிரே டெலீட் செய்தேன். ஆள் சம்மதம் இல்லாமல் ஒரு ஃபிரேம்கூட வைத்திருக்கக் கூடாது என்பது என் அத்தா இந்தக் கடையைத் தொடங்கிய காலத்திலிருந்து எங்களுக்குள்ள வழக்கம்.

திரும்ப ரெக்கார்ட் செய்தேன். "என் தங்கச்சி படிச்சி பெரிய ஆளா இருக்கறது எனக்கு ரொம்ப சந்தோசம். ஊருக்கே சந்தோசம்" என்றார். படத்தில் அதுதான் வந்தது.

மேடை

விழா பள்ளிக்கூட மைதானத்தில். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டுகொண்டிருந்தது. எல்.இ.டி. திரையில் தனலட்சுமி அம்மாவின் படம் ஓடியபோது பிள்ளைகள் கைதட்டியதில் ஸ்பீக்கர் சத்தமே கேட்கவில்லை. அலமேலு அம்மா முன்வரிசையில் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தார்.

தனலட்சுமி அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கி ஏறி வந்தவருக்கு, தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்துப் போர்த்திவிட்டார்.

"இது எனக்கு வந்ததில்ல. எனக்காகத் தன் படிப்ப விட்டுக்கொடுத்த எங்க அக்காவுக்கு வரவேண்டியது" என்றார். சொல்லிவிட்டு மைக்கை அவரிடம் நீட்டினார். "பேசுக்கா. உனக்கு இன்னா சொல்லணுமோ சொல்லு."

நான் கேமராவில் அலமேலு அம்மாவின் முகத்தை குளோசப்பில் வைத்திருந்தேன். மைக்கை வாங்கியவர் கூட்டத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது. கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் அந்த வாயில் என்ன இருக்கிறது என்று தெரியும் என்று நினைத்துக்கொண்டு, குளோசப்பை நகர்த்தாமல் நின்றேன்.

"மழ வர்ற மாதிரி இருக்குது. புள்ளைங்களுக்கு சீக்கிரம் சோறு போடுங்க" என்றார்.

மைதானமே சிரித்தது. ஹெச்.எம்.முக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் இரண்டாவது கேமராவில் பதிவானதைப் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கிற அந்த நேரத்தில் தனலட்சுமி அம்மா சிரிக்கவில்லை. அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ வரும் என்பது போல. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. ஷாட் நன்றாக இல்லை என்று வேறு ஷாட்டைப் போட்டுவிட்டேன்.

ஹெட்போன்

அடுத்த ஆடியில் அலமேலு அம்மா இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர், விதைப்பு முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். கடைசியில் ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். மலைப் பாதை முடிவதற்குள் உயிர் போய்விட்டது. தனலட்சுமி அம்மா சென்னையிலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்களாம். எத்தனையோ பேரைப் பிழைக்கவைத்த கையால் சொந்த அக்காவைக் காப்பாற்ற முடியவில்லை.

காரியம் முடிந்து சென்னைக்குத் திரும்புகிற வழியில் அவர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். பிறகு, "அக்கா பேசினது மொத்தமும் வேணும் பாய். படத்துல வந்தது இல்ல, நீங்க எடுத்தது பூராவும்" என்றார்.

பென் டிரைவில் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்றார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். மோர் வேணுமா என்று கேட்டது, கோழியை விரட்டியது, சந்தோசம் என்று சொன்னது. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார்.

"இவ்ளோதானா? வேற ஏதாச்சும் சொல்லுச்சா?"

தங்கை கேட்கக் கூடாது என்று ஒரு அம்மா அழிக்கச் சொன்ன பேச்சு. அந்த அம்மா இப்போது இல்லை. எதிரே இருக்கிறவர் கேட்பது தன் அக்காவின் பேச்சை. கடைசியில், சொல்லிவிட்டேன். பாவாடை தைத்தது, ஒன்பதாவது, கணக்கு, எடுத்துக்கினாங்க என்ற வார்த்தை. அழிக்கச் சொன்னதையும், அது இன்னா பண்ணும் சின்னப் புள்ள என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

"எனக்குத் தெரியும் பாய். அந்தப் பாவாடையக் கட்டிக்கினு மொத நாளு ஸ்கூலுக்குக் கெளம்பறேன். அக்கா வாசல்ல நிக்கிது. என்னப் பாக்கல. பாவாடையப் பாத்துச்சி. அப்பவே தெரியும்."

"அப்பறம் ஏம்மா மேடையில விட்டுக்கொடுத்தாங்கன்னு சொன்னீங்க?"

"இல்லன்னு சொல்லும்னுதான். வூட்ல வெச்சி கேக்க எனக்கு தைரியம் வரல. வருசா வருசம் பொங்கலுக்குப் போவேன். புடவ எடுத்துக்கினு போவேன், மருந்து எடுத்துக்கினு போவேன். இத மட்டும் கேக்க மாட்டேன். அத்தன பேரு எதிர்க்க மைக்க குடுத்தா, கோவத்துலயாவது நெசத்த சொல்லிடும்னு நெனச்சேன். திட்டியிருந்தா அங்கியே கால்ல வுழுந்திருப்பேன். அது மழையப் பத்திப் பேசிட்டுது."

அப்போதுதான் அழுதார். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து தள்ளி உட்கார்ந்தேன்.

கொஞ்சம் தேறியதும், அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டார். சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆனால் அந்தக் கார்டில் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது. முடியாது என்றேன். "அந்தக் கொரல்ல ஒரு தபா கேட்டிருக்கலாம்" என்றார்.

கிளம்பும்போது ஒரு வேலை சொன்னார். அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குப் போடப் போகிறார்கள். அதில் தான் நன்றி சொல்கிற இடத்தை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் படம் நடுவில் தொங்கும், வேறு ஏதாவது பேச வேண்டும் என்றேன். பின்னால் துணியைக் கட்டி, அங்கேயே விளக்குப் போட்டு உட்காரவைத்தேன். அழுத முகத்தைக் கழுவக்கூட இல்லை. ஒரே டேக்தான்.

"எங்க அக்கா பேரு அலமேலு. இதே ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் படிச்சாங்க. ஒம்பதாவது போவணும்னு ஆசப்பட்டாங்க. அவங்கள அனுப்பல. என்னைய அனுப்பினாங்க."

இப்போது பள்ளிக்கூடத்தில் ஓடுவது அந்தப் படம்தான். ஹெச்.எம். முதலில் முகம் சுளித்தார். பாராட்டுப் படத்தில் இதெல்லாம் எதற்கு என்றார். ஒரு தடவை பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். அது என்னைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது இதுதான். பேசினவர் வெட்டச் சொன்னால் வெட்டிவிட வேண்டும், அதில் மாற்றம் கிடையாது. ஆனால் வெட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு உடனே இறங்கிவிடக் கூடாது. கொஞ்சம் உட்கார்ந்து, "இத கேமராவுக்குச் சொல்ல வேணாம்மா, உங்க தங்கச்சிகிட்ட நீங்களே ஒரு தபா சொல்லிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். இப்போதெல்லாம் நான் சொல்கிறேன். சில பேர் கேட்கிறார்கள். அன்றைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.