புரட்டாசியில் நாய் பழக்கியது

மாசாய் ஊரில் எங்கள் வரிசை வீட்டு நாய் ஒருமுறை தெருவில் ஓடியபோது நகராண்மைக் கழக ஆள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: மறுமுறை வெளியே பார்த்தால் நாய் பிடிக்கும் லாரியில் ஏற்றிவிடுவார்களாம். அன்றே நாய் பழக்கும் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினேன். ஆவணி முதல் வாரம், திங்கட்கிழமை.

கூப்பிட்டதும் வந்தால் ஒரு துண்டு வெந்த கோழி ஈரல். முதலில் கூடத்தில், பிறகு வாசலில், கடைசியாக ஃபேக்டரி விட்டு மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாய் வரும் நேரத்தில், கழுத்தில் நீளக் கயிற்றோடு. ஆவணி முடிவதற்குள் எந்த இரைச்சலிலும் "வா" என்றால் வந்தது.

புரட்டாசி பிறந்தது.

"இனி இந்த அடுப்புல ஈரல் வேகக்கூடாது," என்றாள் மனைவி.

"நாய்க்குத்தானே?"

"அது எந்த வீட்டு நாய்?"

அன்றே அவித்த கொண்டைக்கடலைக்கு மாறினேன். நாயைச் சுற்றியுள்ள கவர்ச்சியைவிடக் கையிலுள்ள பரிசு பெரிதாக இருக்கவேண்டும் என்று புத்தகங்கள் ஒரே குரலில் சொல்லியிருந்தன. அந்த வரியில் நான் கோடுகூடப் போட்டிருந்தேன். வீட்டுக்குள் நாயும் மரியாதைக்காகக் கடலையை மென்றது.

இரண்டாம் சனிக்கிழமை மாலை, கேஸ் சிலிண்டர் தோம்பை உள்ளே எடுக்கக் கேட்டைத் திறந்தேன். நாய் நழுவி நடுத்தெருவில் போய் நின்றது. எதிர்வீட்டு வாசலில் அந்த வீட்டுக் கிறிஸ்தவத் தம்பி கோழி இறக்கை சுட்டுக்கொண்டிருந்தான். தெருமுனையில் நகராண்மைக் கழக லாரி திரும்பியது.

"வா!" கடலையை நீட்டினேன். நாய் என் கையைப் பார்த்தது, அடுப்பைப் பார்த்தது. கழுத்தில் கயிறும் இல்லை.

"அண்ணே, புரட்டாசி உங்களுக்குத்தானே, அதுக்குமா?" என்றான் தம்பி.

லாரியிலிருந்து ஒருவர் சுருக்குக் கம்போடு இறங்கினார். அப்போது என் மனைவி செருப்பில்லாமல் தெருவைக் கடந்தாள். "தம்பி, ஒண்ணு குடு." சுடச்சுட இறக்கையை வாங்கி, எலும்பை நீக்கி, சதையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்குத் திரும்பி, "வா" என்றாள். நாய் சுருக்குக் கம்பைத் தாண்டிப் பறந்தது. அவள் கேட்டைச் சாத்தினாள்.

"விரதம்?" என்றேன்.

"வீட்ல வேகல, நான் தின்னல. கைதானே, கழுவிக்கலாம்." கழுவினாள், குளித்தாள், விளக்கேற்றினாள்.

மறுநாள் முதல் ஈரல் எதிர்வீட்டில் வெந்தது. ஐப்பசியில்தான் எங்கள் அடுப்புக்குத் திரும்பியது. நாய் இப்போது எந்தச் சந்தடியிலும் வருகிறது. நான் கூப்பிட்டால் மட்டும், முதலில் அவள் எங்கே என்று பார்த்துவிட்டு வருகிறது.