எங்கள் டீமுக்கு ஒரு மாப்பிள்ளை

பால்காரர் தண்ணீர் கலக்கவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நான் பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். அது என் குணம். "இவளைக் கட்டிக்கிறவன் பாவம்" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. என் கல்யாண விஷயத்தில் வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு சந்தோஷப்பட்டபோது நான் ஒருத்திதான் சந்தேகப்பட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. நான் ஒரு மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். அண்ணனும் ரயில்வேதான், ஆனால் அவனைக் கேட்டால் முதலில் கால்பந்து, அப்புறம்தான் வேலை என்பான். எங்கள் பகுதி டீமுக்கு அவன்தான் கேப்டன். அவன் மேல் எனக்கு உயிர். டீச்சர் டிரெயினிங் படித்த காலம் முழுக்க, மழையோ வெயிலோ, என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டவன் அவன். தெருவில் எவனாவது என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினால் அடுத்த நாள் அவன் அந்தத் தெருவிலேயே வர மாட்டான். அப்படிப்பட்ட அண்ணன்.

கோடையில் ஆட்டம் கிடையாது. மைதானம் வெடித்துக் கிடக்கும். ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் பேச்சு ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணனின் சகாக்கள் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வரப்போகிற ஆட்டங்களுக்கு யார் வேண்டும், யாரைக் கழற்றிவிடலாம், எந்த ஊரில் எவன் நன்றாக ஆடுகிறான் என்று அலசிக் காயப்போடுவார்கள். அந்த வருஷம் பேச்சு முழுக்க ஒரே விஷயம்தான். எங்கள் கோல் கீப்பரைத் திருச்சிக்கு மாற்றிவிட்டார்கள். லெஃப்ட் அவுட் சரியில்லையென்றால் சமாளிக்கலாம், ரைட் பேக் நொண்டினாலும் ஒப்பேற்றலாம், கோலில் ஆள் இல்லாமல் என்ன செய்வது?

வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவருவதும் சுலபமில்லை. ஆவணியில் தொடங்கும் உள்ளூர் கோப்பைக்கு ஒரு சட்டம் இருந்தது. தாம்பரத்தில் குடியிருப்பவன்தான் ஆடலாம். முந்தின வருஷம் படப்பையிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்து ஒரு வீட்டுப் பின்கட்டில் குடிவைத்திருந்தார்கள். எதிர் டீம்காரர்கள் சும்மா விடுவார்களா? சாப்பாட்டு நேரத்தில் திடுதிப்பென்று போய் அவன் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். சில்லென்று இருந்தது. சமையலே நடக்காத இடத்தில் என்ன குடித்தனம் என்று புகார் கொடுத்து எங்கள் டீமையே கோப்பையிலிருந்து தள்ளிவைத்துவிட்டார்கள். அந்த அவமானம் அண்ணனுக்கு ஆறவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காபி கொண்டுபோனபோது, கூடத்தில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

"மாப்பிள்ளையா வந்து உக்காந்துட்டா எவன்டா வந்து அடுப்பைத் தொட்டுப் பாப்பான்?"

ஒரே சிரிப்பு. நான் உள்ளே காலை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. டம்ளரை எடுத்தவர்கள் எல்லோரும் "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். எத்தனையோ வருஷமாக நான் ஊற்றிய காபிக்கு அதுவரை ஒருத்தரும் தேங்க்ஸ் சொன்னது கிடையாது.

அடுத்த வாரமே அண்ணன் அப்பாவிடம் ஒரு வரன் என்று ஆரம்பித்தான். அனகாபுத்தூர் பையன், நம்ம சபைதான், பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குப் பரம சந்தோஷம். தங்கை கல்யாணத்தைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறக்காத பிள்ளைக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டதே! அம்மா முழங்கால் போட்டு ஜெபமே பண்ணிவிட்டார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பையன் உயரமா?

"நல்ல உயரம்" என்றான் அண்ணன். அதைச் சொல்லும்போது அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

கூடவே இன்னொன்றும் சொன்னான். மாப்பிள்ளை நம் வீட்டுப் பின் அறையிலேயே இருக்கட்டும், வேலைக்குப் போக ரயில் வசதி என்றான். எனக்குச் சுருக்கென்றது. அனகாபுத்தூரிலிருந்து சைக்கிளை எடுத்தால் பல்லாவரம் எந்த மூலை? அதை விட்டுவிட்டு எதிர்த்திசையில் தாம்பரத்துக்கு வந்து குடியிருந்து, இங்கிருந்து ரயிலேறித் திரும்பவும் பல்லாவரத்துக்குப் போக வேண்டுமா? இதைக் கேட்டேன். நான் வீட்டைவிட்டுப் போய்விடக் கூடாதென்று அண்ணன் ஆசைப்படுகிறான், அதுகூடப் புரியாத கல்நெஞ்சுக்காரி என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணத்தை எப்போது வைக்கலாம் என்ற பேச்சு வந்ததும் அண்ணன் ஆடி என்றான். நாங்கள் வேதக்காரர்கள், எங்களுக்கு ஆடியும் ஒன்றுதான் ஐப்பசியும் ஒன்றுதான். ஆனாலும் பக்கத்து வீட்டு மாமி வாயில் கை வைத்தார். ஆவணியில் கோப்பை. எனக்கென்ன கூட்டிக் கழிக்கத் தெரியாதா?

பெண் பார்க்க வந்தார்கள். தட்டோடு கூடத்துக்குள் போய்த் தலையை நிமிர்த்தினேன். ஆளைத் தெரிந்துவிட்டது. முந்தின வருஷம் பல்லாவரம் மைதானத்தில், எங்கள் டீமை ஒரு கோல்கூடப் போடவிடாமல் தனியாளாக நின்று தோற்கடித்த அனகாபுத்தூர் கோல் கீப்பர். அன்றைக்கு நான் கோலுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். அடப்பாவி அண்ணா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். கைகுலுக்கும் சாக்கில் அண்ணன் மாப்பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதுபோல. குடும்பம் எப்படி, வேலை நிரந்தரமா என்று அவன் கேட்கவில்லை. முட்டி வலி உண்டா என்று கேட்டான். "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு அவன் சகாக்கள் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். போதாக்குறைக்கு அண்ணன் தட்டிலிருந்த ஒரு மாம்பழத்தை எடுத்து, "புடிங்க மச்சான்" என்று தூக்கிப் போட்டான். மாப்பிள்ளை லபக்கென்று பிடித்துவிட்டார். ஜன்னலில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

ஆனால் பிடித்தது இடது கை. நான் நீட்டின காபியையும் அவர் இடது கையாலேயே வாங்கினார். பெண் பார்க்கும் நாளுக்கென்று வந்திருந்த என் அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் பீச்சாங்கையை நீட்டுகிறானே, வளர்த்த லட்சணம் இதுதானா என்று அடுக்களைக்குள் வந்து பொரிந்து தள்ளினார். அண்ணனோ, இடது கையே இப்படி என்றால் வலது கை எப்படி இருக்கும் என்று பூரித்துப் போயிருந்தான். நான் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைகுலுக்கிய பிறகு அது மடியை விட்டு எழும்பவே இல்லை. ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியபோது நான் மூடவில்லை. முகத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட அவர் இடது கையால்தான் விரட்டினார்.

இப்போது சந்தேகம் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. அண்ணன் என்னைக் காட்டிக் கோல் கீப்பரைப் பிடிக்கிறான், சரி. இந்த மனுஷன் எதைக் காட்டி எதைப் பிடிக்க வந்திருக்கிறார்?

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். அதற்காகப் போதகரைப் பார்க்க மாப்பிள்ளை ஒரு நாள் எங்கள் சர்ச்சுக்கு வந்தார். அண்ணன் போதகர் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தான். அவர் வெளியே வேப்ப மரத்தடியில் தனியாக நின்றார். நான் நேரே போனேன்.

"வலது கையைத் தூக்குங்க, பாக்கலாம்."

சிரித்து மழுப்புவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தூக்கினார். தோள் மட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் காஞ்சிபுரம் பக்கம் நடந்த ஓர் ஆட்டத்தில் கோல் கம்பத்தில் மோதித் தோள் இறங்கிவிட்டதாம். நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டுச் சரிசெய்தாராம், ஆனால் கை இதற்கு மேல் வராது என்று கையை விரித்துவிட்டாராம். அவர்கள் ஊரைத் தாண்டி வெளியே யாருக்கும் தெரியாது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்களை என்ன கேனையர்கள் என்று நினைத்தீர்களா, இதை ஏன் சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டேன்.

"சொல்லிருந்தா உங்க அண்ணன் என்னை வூட்டுக்குள்ள விட்டிருப்பாரா, டீச்சர்?"

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். பல்லாவரம் ஆட்டத்தில், ஒரே ஒரு பந்தை விட்டால் உங்கள் சொத்தா போய்விடும் என்று கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாளாம். அவருக்குச் சிரிப்பு வந்து, அடுத்த பந்தை நிஜமாகவே கோட்டைவிட இருந்தாராம். அந்தப் பெண் யார் என்று அன்றைக்கே விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். எங்கள் அண்ணன் தேடிவந்து தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள் என்றபோது, அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று நன்றாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாராம்.

"நீங்க வேணாம்னா நானே உள்ள போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லிடறேன். இத்தோட நின்னுடும்" என்றார்.

அவர் பேச்சை நான் நம்பவில்லை. யார் வேண்டுமானாலும் பேசலாம். அந்த வியர்வையை நம்பினேன். ஆளைப் பிடித்தும் போயிற்று, இந்த வயசில் சொல்ல என்ன வெட்கம்? சொல்ல வேண்டாம் என்றேன்.

அன்றிலிருந்து கல்யாணம்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் வந்து கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணட்டுமே என்று அண்ணன் ஆளுக்கு மேல் ஆள் அனுப்பினான். நான் அம்மாவைத் தூண்டிவிட்டேன். மாப்பிள்ளை முகத்தைப் பேர்த்துக்கொண்டு வந்து நின்றால் கல்யாண போட்டோ என்னத்துக்கு ஆகும் என்று அம்மா போட்ட சத்தத்தில் அண்ணன் அடங்கினான். ஓலை வாசித்த ஞாயிறுகளில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிர் டீம்காரன் எவனாவது எழுந்து தடை சொல்லிவிடுவானோ என்று பின் பெஞ்சுகளையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அனகாபுத்தூர்க்காரர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று நானும் அதே பெஞ்சுகளைத்தான் பார்த்தேன். பின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தது அவன் சகாக்கள். கட்டிலைத் தூக்கிவந்து போட்டதும் அவர்கள்தான். என் கல்யாணத்துக்கு ஊரே இப்படி உழைக்கிறதே என்று அப்பா நெகிழ்ந்து போனார்.

ஒரு நாள் மனசு கேட்கவில்லை. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. குழம்பு ஊற்றிக்கொண்டே, அவர் ஆட்டம் ஆடாவிட்டாலும் நல்ல மாப்பிள்ளைதானே என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிடுவதாக இருந்தேன். அவன் கையிலெடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. ஏன், என்ன ஆச்சு, ஏன் ஆட மாட்டாராம், யார் என்ன சொன்னது என்று பதறினான். ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன் என்று மோர் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எதிர் டீம்காரர்களும் வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் பேச வழியில்லாமல் வாழ்த்திவிட்டுப் போனார்கள். விருந்தெல்லாம் ஓய்ந்த ஒரு சாயங்காலம் அண்ணன் பின் அறை வாசலில் வந்து நின்றான். கையில் புதுப் பனியன், கக்கத்தில் பந்து. கிளம்பலாமா மச்சான் என்றான். தெருவில் அவன் சகாக்கள் எல்லோரும் சைக்கிளோடு நின்றார்கள். இவர் எழுந்து, வாயைத் திறக்கப் போனார். நான் குறுக்கே வந்துவிட்டேன். என் அண்ணனுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

சொன்னேன். வலது கை தோளுக்கு மேல் வராது, அது போன வருஷமே போய்விட்டது, எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். ஏண்டி மறைச்சே என்று கையை ஓங்குவான் என்று நினைத்தேன். தங்கச்சி தலையில் மிளகாய் அரைத்துவிட்டாயே என்று இவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆண்டவரே, நான் இத்தனை நாளாக இவனைப் பற்றி நினைத்ததெல்லாம் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. இவரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த பனியனைப் பார்த்தான்.

"அப்போ கோல்ல யாரு நிக்கிறது?" என்றான்.

 பனியனைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்குப் போனான். சைக்கிள்கள் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீ நினைச்சதுதானே நடந்தது, நினைச்சது சரியாப் போனதுக்கா அழுவுறே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.