கோமதி அக்காவும் அந்தச் சனிக்கிழமையும்

புதன்கிழமை காலை கல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சுப்ரோ கூப்பிட்டான். இருபது வருடம் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவன். போனை எடுத்ததும் யாரையாவது வம்புக்கு இழுத்துச் சிரிப்பதுதான் அவன் வழக்கம். அன்று குரலே எழும்பவில்லை. கோமதிதி போய்விட்டார், சாந்த்ராகாச்சி வீட்டில், தூக்கத்திலேயே என்றான். பொறுக்கிய வாழைக்காய்களைக் கூடையிலேயே போட்டுவிட்டு, கடைக்காரர் கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். சுப்ரோ நன்றாகத்தான் பேசினான். ஆனால் நடுவில் ஒரு வார்த்தை விட்டான்: "அத்தனை கெட்டிக்காரருக்கும் ஒரே ஒரு சறுக்கல், அந்தச் சனிக்கிழமை." பழைய ஆட்கள் தலையை ஆட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? உட்கார்ந்தே இருந்தேன். அந்தச் சனிக்கிழமை நடந்தது முழுவதும் அதுவரை தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மிச்சம் இருப்பவன் நான். அதனால்தான் நம் சங்க மலருக்கு இதை எழுதுகிறேன்.

நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டாம். பொங்கல் விழாவில் அண்டாப் புளியோதரையைக் கிளறியபடி, வரிசையில் முண்டுகிறவர்களை அதட்டும் திருநெல்வேலிக் குரலை யார் மறப்பார்கள்? கணவருக்கு ரயில்வேயில் வேலை; கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த குடும்பம். அக்கா எங்கள் மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொண்டார். வங்காளிகளுக்குக் கோமதிதி ('தி' என்றால் அக்கா), எனக்கு அக்கா. தினமும் ஹவுரா வரை ரயில், பிறகு படகு, பிறகு நடை. மழையில் கல்கத்தா மிதந்த நாட்களிலும் முதலில் வந்து விளக்கைப் போடுவது அவர்தான்.

தொண்ணூறுகளில் எங்களுக்கு இணையம் வந்தது. இணையத்தில் பேசும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி வேண்டும். அது ஒரு நீண்ட எண். கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளான பழைய நெறிமுறையில் வகுத்த எண்கள் உலகத்துக்கே போதாமல் போய்க்கொண்டிருந்தன. எங்கள் நிறுவனத்துக்கு ஒதுக்கியது இருநூற்றைம்பத்து நான்கு. தொடக்கத்தில் அதுவே ஏராளம். பிறகு ஒவ்வொரு மேசைக்கும் கணினி வந்தது, தலைக்கு மேல் வெள்ளம் போனது. அக்கா ஒரு பேரேடு வைத்திருந்தார். முகவரி வேண்டுமென்றால் நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்க வேண்டும். கணினி கழிக்கப்பட்டால் மறுநாளே அவர் வந்து எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

ஒரு தடவை மூத்த விஞ்ஞானி ஒருவர், காத்திருக்கப் பொறுமையில்லாமல், தானாகவே ஓர் எண்ணைத் தன் கணினியில் போட்டுக்கொண்டார். போயும் போயும் அது இயக்குநருடைய எண். ஒரே முகவரியில் இரண்டு கணினி என்றால் இரண்டுமே தடுமாறும். அக்கா மாடி மாடியாக ஏறி, மதியத்துக்குள் ஆளைப் பிடித்தார். அவரோ பெரிய விஞ்ஞானி, அறையே நடுங்கும். அக்கா நடுங்கவில்லை. எண் யாருடைய வீட்டுச் சொத்தும் இல்லை, வேலை முடிந்ததும் அடுத்தவருக்கு விட வேண்டியது என்று அழுத்தமான வங்காளியில் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். பின்னாலேயே அந்த விஞ்ஞானி பேரேட்டில் கையெழுத்துப் போட வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பற்றாக்குறைக்கு அவரே ஓர் ஒட்டுப் போட்டார்: பல கணினிகள் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன் நான் தங்கியிருந்த லேக் மார்க்கெட் மெஸ்ஸில் முப்பது பேருக்கும் ஒரே கதவு எண்தான். கடிதங்களை மேனேஜர் வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். அதே கதை. நாம் அனுப்பியதற்குப் பதில் வந்து சேரும். ஆனால் வெளியூர் ஆள் நேராக நம் அறைக் கதவைத் தட்ட முடியாது. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் எங்கள் கருவிகளோடு நேரடியாகப் பேச முடியாமல் ஒவ்வொரு முறையும் அக்காவிடம் வந்து நின்றன. ஒட்டுப்போட்ட குடை ஒரு மழைக்குத்தான் என்பார் அக்கா. புதிய நெறிமுறைக்கு மாறிவிட வேண்டும், அதில் முகவரிகளுக்குப் பஞ்சமே இல்லை என்று இரண்டாயிரத்துக்குப் பிறகு மேலிடத்துக்கு எழுதத் தொடங்கினார். நான்கு குறிப்புகள் திரும்பி வந்தன. ஐந்தாவதை இயக்குநர் ஒரு நிபந்தனையோடு ஏற்றார். ஒரு சனிக்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டு வரை, நிறுவனத்துக்குள் பழைய முகவரிகளை நிறுத்தி, புதியவற்றை மட்டும் வைத்து எல்லா வேலையும் நடக்க வேண்டும். ஒன்று நின்றாலும் ஒரு வருடத்துக்கு இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

பழைய முகவரி எவ்வளவு நீண்டாலும் பதினைந்து எழுத்துக்குள் அடங்கும். புதியது முப்பத்தொன்பது வரை போகும். அதனால் அக்கா ஒரு சுற்றறிக்கை விட்டார்: முகவரியைக் குறித்துவைக்கும் கணினி நிரல் உங்களிடம் இருந்தால் இடம் போதுமா என்று பார்த்து, சரிபார்த்தேன் என்று கையெழுத்திடுங்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சுற்றறிக்கை தேநீர்த் தட்டு மாதிரி மேசை மேசையாக வரும். பெயருக்கு நேரே ஒரு கிறுக்கல், அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம். துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது, வீட்டில் புடவை எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நூலகத்துக்கான நிரல் நான் எழுதியது; முகவரி பதிவான கணினிக்கு மட்டும் அது ஆய்விதழைத் திறக்கும். திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மாற்றினார்கள். பதினொன்றரை வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. அக்காவின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்திருந்தது. அப்போது இயக்குநர் நூலகத்துக்கு வந்து, தானே ஒரு கணினியின் முன் உட்கார்ந்து, ஆய்விதழ் ஒன்றைக் கேட்டார். திரை மறுத்தது: பதிவில்லாத கணினி. மறுபடி முயன்றார், மறுபடி மறுத்தது. எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. பதினைந்து எழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். புதிய முகவரியின் வால் அறுந்துபோயிருந்தது.

இதை யார் சரிபார்த்தது என்று இயக்குநர் கேட்டார். என் கையெழுத்திட்ட சுற்றறிக்கை அக்காவின் கையிலிருந்த கோப்பில் இருந்தது. திறந்து காட்டினால் போதும். அவர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, "நான்தான் சார். தவறு என்னுடையது" என்றார். இயக்குநர் எழுந்து போனார். திட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. கேன்டீனில் ஒரு வாரம் அதே கேலி. நான் அந்தக் கேலிக்கு நடுவில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். எழுதவே கூசுகிறது.

அன்று மாலை படகுத்துறையில் அக்காவைப் பிடித்தேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக இயக்குநரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அழுதுவிடும் நிலையில் இருந்தேன். அவருக்கோ எரிச்சல்.

"நீ போய்ச் சொன்னா ஒனக்கு மனசு லேசாயிரும். என் வேல கெட்டுரும். ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா மத்தவன் வாயத் தொறப்பானா? இன்னும் எத்தன பேரு பாக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

படகு வந்தது. ஏறிவிட்டுத் திரும்பி, "திங்கக்கெழம வந்து அந்த எடத்த முப்பத்தொம்பது ஆக்கு. போ, வீட்டுக்குப் போ" என்றார்.

அவர் கணக்கு பிசகவில்லை. திங்கள் முதல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராக, மற்றவர் கண்ணில் படாமல், அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்காவே பழியை ஏற்ற பிறகு பயப்பட என்ன இருக்கிறது? யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று என்னிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். என்னை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் நிரல் நிரலாகத் திருத்தினோம்.

மறு வருடச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு விஞ்ஞானி வந்து, சோதனையை எப்போது ஆரம்பிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். பத்து மணிக்கே ஆரம்பித்து முடிந்தும் போய்விட்டது என்றோம். நம்பவில்லை. இயக்குநர் அன்றே ஒப்புதல் தந்தார். வெளியூர் நிறுவனங்களிலிருந்து ஆட்கள் எங்களிடம் கற்றுக்கொள்ள வந்தபோது, வங்காளிகள் அக்காவை எங்கள் கோமதிதி என்று அறிமுகப்படுத்தினார்கள். அந்த 'எங்கள்' காதில் விழுந்தபோதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்படி ஒருவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தேன் என்ற பெருமை எனக்கு எந்தப் பதவி உயர்விலும் கிடைத்ததில்லை.

நேற்று சுப்ரோவைக் கூப்பிட்டேன். அந்தச் சனிக்கிழமை விழுந்தது அக்கா இல்லை, நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தன் கதையைச் சொன்னான்: அந்தத் திங்கட்கிழமை முதல் ஆளாகக் கதவைத் தட்டியது அவன். சம்பளப் பிரிவு நிரலில் அவனும் பதினைந்துதான் விட்டிருந்தான். நூலகத்தில் நின்றது அக்காவின் கவனக்குறைவு என்றும், தன்னுடையது எப்படியோ தப்பிவிட்டது என்றும் இத்தனை வருடம் நினைத்திருக்கிறான்.

"நம்மை மாதிரி இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டான்.

அக்காவுக்குத்தான் தெரியும் என்றேன்.

இப்போது என் பிரிவில் எது நின்றாலும், யார் என்று நான் கேட்பதில்லை. எது என்று மட்டும் கேட்கிறேன். ஆட்களும் பயமில்லாமல் வந்து சொல்கிறார்கள். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அவர் எனக்காக வைத்துக்கொண்டதை மட்டும் இன்று திருப்பி வாங்கிக்கொள்கிறேன்: அந்தத் தவறு என்னுடையது.