ஒரு மாத்திரை அட்டை குறைந்தது

மூன்று வருடங்களுக்கு முன்பு, எனக்குத் திருமணமாகி ஒரு வருடம்கூட நிறையாத சமயம் அது. எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில். காரிமங்கலத்தில் ஒரு இ-சேவை மையத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வருமானச் சான்றிதழ், ஆதார் திருத்தம், பட்டா என்று தினமும் எத்தனையோ பேர் என் எதிரில் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்ததும் பாதிப் பேர் வந்த வேலையைச் சொல்லமாட்டார்கள். என் முகத்துக்கு வைத்தியம் சொல்வார்கள். வேப்பிலை, சந்தனம், எலுமிச்சை, சோற்றுக்கற்றாழை என்று எல்லாவற்றையும் அரைத்துப் போட்டுப் பார்த்துவிட்டவள் நான். தலையை ஆட்டிக்கொண்டே அவர்கள் விரலை ரேகைக் கருவியில் வைக்கச் சொல்வேன்.

எல்லாருக்கும் இளம் வயதில் வந்து போகிற பரு இல்லை எனக்கு வந்தது. தாடை ஓரம், கன்னம், முதுகு முழுக்கத் தோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி கட்டிகள். பழுத்து உடைந்தால் சீழும் ரத்தமும் வரும். ஒருக்களித்துப் படுக்க முடியாது. ஆறிய இடமெல்லாம் குழி விழும். திருமணத்துக்கு முன்பு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் பூசினேன். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. கல்யாண ஆல்பத்தில் என் முகத்தில் ஒரு புள்ளி இருக்காது. க்ரீமை நிறுத்தியதும் முன்பைவிட இரண்டு மடங்காகக் கிளம்பிவிட்டது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அதைச் சொன்னவர் தர்மபுரியில் இருக்கும் ஒரு தோல் டாக்டர் அம்மா. அவர் முதலில் கொடுத்த மாத்திரையும் பூசும் மருந்தும் சில மாதங்கள் எடுத்தேன். கொஞ்சம் குறைவதும் திரும்ப வருவதுமாக இருந்தது. ஒருநாள் என் தாடையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் இன்னொரு கேப்சூல் இருக்கிறது, ஆனால் அதை எழுதித் தருவதற்கு முன் நிறையப் பேச வேண்டும் என்றார்.

அன்று அவர் சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த மருந்து நன்றாகக் கேட்கும். பலருக்குத் திரும்ப வருவதே இல்லை. ஆனால் உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரலாம், மூட்டு வலிக்கலாம். ஈரலையும் ரத்தக் கொழுப்பையும் அவ்வப்போது டெஸ்ட் செய்ய வேண்டும். மனசு சோர்வாக இருந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"இதைச் சாப்பிடுற காலத்துல நீங்க கர்ப்பமாகவே கூடாதுங்க. ஆகிட்டா குழந்தையோட மூளை, இதயம், முகம் எல்லாத்தையும் இந்த மருந்து கெடுத்துடும். பாத்துக்கலாம்ங்கற பேச்சே இதுல கிடையாது."

மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கழிந்த பிறகு இந்த ஆபத்து இல்லை, அதற்கப்புறம் தாராளமாகக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஆனால் அன்றைக்கே எழுதித் தரவில்லை. வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்து இரண்டு பேருமாக வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

என் கணவர் தக்காளி லோடு ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"உன் மூஞ்சி எப்பிடி இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. அதுக்காக இவ்ளோ பெரிய மருந்தா?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. எனக்குத்தான் வலிக்குது" என்றேன்.

அழகுக்காக நான் கேட்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் அதையேதான் பேசினோம். சாப்பிடாமல் விட்டால் மாதாமாதம் புதுக் குழி விழும், அது சாகும்வரை போகாது. சாப்பிட்டால் சில மாதங்கள் குழந்தை தள்ளிப்போகும், உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தள்ளிப்போடுவது எங்கள் கையில் இருக்கிறது, குழி விழாமல் தடுப்பது எங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. மறுபடி டாக்டரிடம் போனபோது என் கணவர், நான் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளையெல்லாம் அவரே கேட்டார்.

அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், மறைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். முற்றத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"மூஞ்சிக்கு மருந்து சாப்புடறதுக்கும் கொழந்தைக்கும் என்னா சம்பந்தம்? ஊருல கேக்கறவங்களுக்கு நா என்னா சொல்றது?"

"மருந்து சாப்புடறா, முடிஞ்ச பொறவு பெத்துக்குவான்னு சொல்லுங்க அத்தை."

அவர் மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தார். சில நாட்கள் என்னோடு பேச்சே குறைந்துவிட்டது. குழந்தை வேண்டாம் என்பதற்கு நான் கண்டுபிடித்த சாக்கு என்றுதான் அவர் நினைத்தார். நினைத்தால் நினைக்கட்டும் என்று, கர்ப்பம் இல்லை என்ற டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் சொன்னபடியே ஆரம்பித்துவிட்டேன்.

முதல் மாதம் நரகம். இருந்த கட்டிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. உதடு பாளம் பாளமாக வெடித்தது. காரக் குழம்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வெறும் மோர் ஊற்றிக் களி கரைத்துக் குடித்தேன். நிறுத்திவிடலாமா என்று ஒருநாள் கண்ணாடி முன் நின்று அழுதிருக்கிறேன். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். அடுத்த மாதம் புதுக் கட்டி வருவது குறைந்தது. ஆடி பிறந்தபோது தாடையைத் தடவினால் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

அந்த ஆடிக்குத்தான் என் நாத்தனார் வந்தாள். வைகாசியில் கல்யாணமாகி அரூருக்குப் போனவள். புதுப்பெண் என்பதால் ஆடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். என்னைவிட மூன்று வயது சின்னவள், என்மேல் ரொம்பப் பிரியம். என் முகத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டுப்போனாள். அவளுக்கும் நெற்றியிலும் கன்னத்திலும் சின்னச் சின்னப் பரு. எனக்கும் ஒன்று கொடுங்கள் அண்ணி என்று கேட்டாள். டாக்டர் பார்க்காமல் சாப்பிடவே கூடாது, உனக்கு இருக்கிற பருவுக்கு இது தேவையும் இல்லை என்றேன். சரி என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். குழந்தை விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அத்தை பக்கத்தில் இருந்ததால் அந்தப் பேச்சை மறுபடி கிளப்ப வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஆடி முடிந்து அவள் அரூருக்குத் திரும்பிவிட்டாள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலில் அத்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அவள் உதடு வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து, இரண்டு ஓரத்திலும் கிழிந்திருந்தது. வெயில் என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த உதடு எனக்குத் தெரியும். சில மாதங்களாகத் தினமும் கண்ணாடியில் பார்க்கிற உதடு.

நேராக ஃப்ரிட்ஜ் மேலிருந்த மாத்திரை டப்பாவைப் போய்ப் பார்த்தேன். ஒரு அட்டை குறைந்தது. டப்பாவில் தினமும் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டிருந்ததால் அடியில் பார்க்கவே இல்லை.

தனியாகப் போய் அவளுக்கு போன் செய்தேன். முதலில் இல்லவே இல்லை என்றாள். நான் உதட்டைப் பற்றிச் சொன்னதும் ஒப்புக்கொண்டாள். ஆமாம் அண்ணி, முகம் நல்லா ஆயிட்டு வருது, அட்டை தீரப்போகுது என்றாள். மாதவிலக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். வரவில்லை. தள்ளிப்போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லலாம் என்று காத்திருந்தாளாம்.

கர்ப்பத்தில் இந்த மருந்து குழந்தையை என்ன செய்யும் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். சொன்னதும் அவள் அழுத அழுகையை என்னால் கேட்க முடியவில்லை. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். அவளுடைய வீட்டுக்காரருக்குத் தெரிந்தால், மாமியாருக்குத் தெரிந்தால் என்று பயந்து நடுங்கினாள். ஒரு நிமிடம் எனக்கும் தடுமாற்றமாக இருந்தது. எங்கள் வீட்டில் முதல் பழி என்மேல்தான் விழும் என்று தெரியும். ஆனாலும் மறைத்து வைக்கிற விஷயமா இது?

"இப்பவே அந்த அட்டைய நிறுத்து. உன் வீட்டுக்காரருகிட்ட நீயே சொல்லு. நீ சொல்லலைன்னா நா சொல்லுவேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டு அத்தையிடமும் என் கணவரிடமும் ஒரே மூச்சில் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் உடம்பைச் சுடுகிறது.

"உன் மூஞ்சிக்காக எம் மவ வவுத்துல மண்ண போட்டுட்டியே."

நான் டாக்டருக்கு போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் உடனே அழைத்து வரச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். அரூரிலிருந்து நாத்தனாரை அவளுடைய கணவர் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். பயம் மட்டும்தான் இருந்தது. அவர் அவள் கையை விடவே இல்லை.

சிறுநீர் டெஸ்டில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததிலும் இல்லை. ஆனால் நாத்தனாரை ஒரு மகப்பேறு டாக்டரிடமும் அனுப்பினார்கள். ரொம்ப ஆரம்பமாக இருந்தால் தெரியாமல் போகலாம், சில நாள் கழித்து இன்னொரு முறை எடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த சில நாட்கள் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, அவ்வளவுதான். அத்தை ஒருவேளை சாப்பிட்டால் ஒருவேளை சாப்பிடமாட்டார். பேரக்குழந்தைக்கு ஏங்கிக்கொண்டிருந்த மனுஷி, மகள் வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பது எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

இரண்டாவது டெஸ்டுக்குப் போக வேண்டிய நாளன்று காலையில் நாத்தனாரே போன் செய்தாள். மாதவிலக்கு வந்துவிட்டது. டெஸ்டும் எடுத்து உறுதி செய்துகொண்டார்கள். புது இடம், அலைச்சல், தூக்கம் கெட்டது, ஏதோ ஒன்றால் தள்ளிப்போயிருக்கலாம் என்றார் டாக்டர். மருந்து நின்று ஒரு மாதம் போகட்டும், அதுவரை கவனமாக இருங்கள் என்று எச்சரித்து அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அத்தை மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். இதைக் குப்பையில் போடு, அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும் என்றார். என் கணவரும் நிறுத்திவிடலாமே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அந்த நாட்கள் முழுக்க நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். குற்ற உணர்ச்சியில் தூக்கிப் போட்டிருந்தால் எல்லாரும் நிம்மதியாகியிருப்பார்கள். ஆனால் பாதியில் விட்டால் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் ரத்த டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தது. என் உடம்பில் எதுவும் மாறவில்லை. பயம் மட்டும்தான் புதிதாக வந்திருந்தது.

"தூக்கிப் போடமாட்டேன் அத்தை. எனக்கு இது வேணும். டாக்டர் பாத்து, டெஸ்ட் எடுத்து, எனக்குன்னு குடுத்த மருந்து. டாக்டர் பாக்காம சாப்புட்டதுனாலதான் உங்க மவளுக்கு இந்தக் கதி. நா இத முழுசா சாப்புட்டு முடிப்பேன். ஆனா இனிமே இது வெளிய கெடக்காது. நீங்களே பூட்டி வைங்க."

டப்பாவை அவர் கையிலேயே கொடுத்தேன். கொடுக்கும்போது பயமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் அதை என்ன செய்தார் என்று நான் எழுந்து பார்க்கவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேப்சூலை வைத்தார். "சாப்பாட்டோட சாப்புடணும்னு டாக்டரு சொன்னாங்கல்ல" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் மருந்து முடிகிற வரைக்கும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். மாதாமாதம் கர்ப்ப டெஸ்ட் எடுத்தாயா என்று முதலில் கேட்பதும் அவர்தான். ஒரு மாதம் நான் காரணமில்லாமல் சோர்ந்து கிடந்தபோது, டாக்டரிடம் சொல்லு என்று என் கணவரோடு பிடித்து அனுப்பியதும் அவர்தான். டாக்டர் அளவைக் குறைத்தார், சரியாகிவிட்டது.

மறு வருடம் நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு அடுத்து எனக்கு ஒரு பையன். இரண்டும் நல்லபடியாக ஓடியாடிக்கொண்டிருக்கின்றன. என் கன்னத்தில் பழைய குழிகள் அப்படியே இருக்கின்றன, புதிதாக ஒன்றும் விழவில்லை. நாத்தனாரின் பருவுக்கு அதே டாக்டர் கொடுத்த சாதாரண பூச்சு மருந்தே போதுமானதாக இருந்தது.

இப்போதும் என் எதிரில் உட்காரும் இளம்பெண்கள் சிலர், நீங்கள் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் அக்கா என்று ரகசியமாகக் கேட்பார்கள். நான் மாத்திரையின் பெயரைச் சொல்வதில்லை. டாக்டர் இருக்கும் தெருவைச் சொல்கிறேன். பயந்து ஓடவும் வேண்டாம், பார்த்து ஆசைப்படவும் வேண்டாம், உனக்கு இது என்ன செய்யும் என்று உன்னைப் பார்த்துச் சொல்கிறவரிடம் உட்கார்ந்து கேள் என்பதை, அந்தச் சில நாட்களின் பயத்தைக் கொடுத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.