வேல்விழிக்குப் போட்ட டிக்

பேச்சித்தாயக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் கல்லூரி சங்கரன்கோவிலுக்குச் சற்று வெளியே, பனவடலிசத்திரம் போகிற சாலையில் இருக்கிறது. அங்கே வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக அவர்தான் உதவியாளர். துப்பட்டாவைப் பின் குத்தாமல் யாராவது பர்னர் பக்கம் போய்விட்டால் போதும், "ஏட்டி, வெந்து சாவதுக்கா படிக்க வந்த?" என்ற சத்தம் அடுத்த கட்டடம் வரை கேட்கும். நான் ஹெலன், அதே துறையில் பேராசிரியை. எனக்கும் இரண்டு தடவை திட்டு விழுந்திருக்கிறது.

போன வருஷம் கல்லூரியில் பாதுகாப்புக் குழு என்று ஒன்று போட்டார்கள். டீ, பிஸ்கட்டோடு நாலு கூட்டம் நடந்தது. ஆய்வகத்துக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு விசில், ஆபத்து என்றால் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வர வேண்டும், பொறுப்பாளர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்து வந்து தலையை எண்ண வேண்டும். அப்புறம் அறிக்கைப் படிவத்தை நிரப்பி முதல்வரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்துக்குப் பேச்சித்தாயக்கா பொறுப்பாளர். ஒத்திகை நாளில் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்கள். அக்கா அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பி மூன்று தடவை ஓட வைத்தார். குழுவில் இருந்த எங்கள் யாருக்கும் அவ்வளவு அக்கறை இருந்ததில்லை.

அவ்வளவு கறாரான மனுஷிக்கு ஒரே ஒரு இடத்தில் மனசு இளகிவிடும். வகுப்பில் வருகைப் பதிவு நான்தான் எடுக்க வேண்டும். ஆனால் டிக் போடுவது அக்கா, கடைசியில் கையெழுத்துப் போடுவது நான். சோம்பேறித்தனம்தான், மறுக்கவில்லை. இரண்டாமாண்டு வேல்விழி காலை ஆய்வக வகுப்புக்கு ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. சில நாள் வருவதேயில்லை. ஒன்பதேகாலுக்கெல்லாம் அவள் பெயருக்கு நேரே டிக் விழுந்துவிடும். ஒரு தடவை மட்டும் கேட்டேன்.

"வந்துருவா மேடம். வராட்டியும் அந்தப் புள்ளைய பரீட்சை எழுத விடாம பண்ணிராதீய" என்றார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, ஒன்பதே முக்கால் இருக்கும். ஒரு மாணவியின் கை பட்டு எத்தனால் பாட்டில் பர்னர் பக்கம் சாய்ந்தது. மேஜையோடு தீ ஓடி ஜன்னல் திரையைப் பிடித்தது. நான் கரும்பலகைப் பக்கமே நின்றுவிட்டேன். அக்கா காஸ் வால்வை அடைத்து, விசிலை ஊதி, பின் கதவைத் திறந்து, ஒவ்வொருத்தியையும் முதுகில் தள்ளி வெளியே அனுப்பினார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. பதிவேட்டையும் மறக்காமல் எடுத்து வந்திருந்தார்.

மரத்தடியில் எண்ணினார். பதிவேட்டில் இருபத்தாறு. நின்றது இருபத்தைந்து.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வேல்விழி என்றபோது பதில் இல்லை. அக்கா பதிவேட்டில் அந்த டிக்கைத் திரும்பப் பார்த்தார்.

"அக்கா, அவ இன்னைக்கு வந்தாளா?"

"தெரியல மேடம். வருமுன்னமே போட்டுட்டேன். பொறவு வந்தாளான்னு பாக்கலயே."

அவள் போன் அணைந்திருந்தது. வந்த மாதிரி இருந்தது என்றாள் ஒருத்தி. தராசு அறைப் பக்கம் யாரோ போனதைப் பார்த்தேன் என்றாள் இன்னொருத்தி. தீயணைப்பு வண்டி ஊரிலிருந்து வர வேண்டும். வாட்ச்மேன் மகாராஜன் அண்ணாச்சி தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "டிக் போட்ருக்குல்லா, புள்ள உள்ளதான் இருக்கும்!"

அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணாச்சி, நீங்க போவாண்டாம். அந்த டிக்க போட்டது நான். நான் போறேன்."

சேலைத் தலைப்பைக் குழாயில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு புகைக்குள் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான் என்பது அப்போதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

தராசு அறையில் தேடியிருக்கிறார், பொருள் அறையில் தேடியிருக்கிறார், மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து தேடியிருக்கிறார். இல்லாத பிள்ளையை எங்கே கண்டுபிடிப்பது? தீயணைப்பு வீரர்கள் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது இடது கை முழங்கை வரை வெந்திருந்தது. அவரை மரத்தடியில் கிடத்திய சமயத்தில்தான் கேட் பக்கமிருந்து பையும் கையுமாக வேல்விழி ஓடி வந்தாள்.

அக்கா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "வெளியவா இருந்த மக்கா" என்றார். திட்டவில்லை.

சாயங்காலம் அறிக்கைப் படிவத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல்வர் செல்லப்பா சார் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்: "இருபத்தாறு பேரும் பத்திரம்னு எழுதிருங்க. மத்ததெல்லாம் எதுக்கு?" அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"இருபத்தஞ்சுன்னு எழுதுங்க மேடம். டிக் பொய்யின்னு எழுதுங்க. அண்ணாச்சி உள்ள போயிருந்தா அவரு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கட்டிலருகே வேல்விழி அழுதுகொண்டிருந்தாள். அவள் ஏன் தாமதமாக வருகிறாள் என்பதை அன்றைக்குத்தான் அவள் வாயாலேயே கேட்டேன். மேலநீலிதநல்லூர் பக்கத்தில் விடியுமுன் அம்மாவோடு மல்லிகை பறித்து, சங்கரன்கோவில் மார்க்கெட்டில் போட்டுவிட்டு, அப்புறம்தான் பஸ் ஏறுகிறாள். பூ அதிகம் பூக்கிற நாளில் பத்து மணிக்குக்கூட முடிவதில்லை.

அக்கா சொன்னபடியே எழுதினேன். இத்தனை நாளும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்பதையும் எழுதினேன். அக்காவுக்கும் எனக்கும் மெமோ வந்தது, சரிதான். படிவத்தின் கடைசியில், இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. வேல்விழியைப் பிற்பகல் ஆய்வகப் பிரிவுக்கு மாற்றலாம் என்று ஒரே வரி எழுதினேன்.

முதல்வர் அதைப் படித்தார். "இதுக்கா இவ்வளவு? முன்னாடியே கேட்ருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.