பூ இன்னும் விழவில்லை

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சை எடுப்பதற்கு முன் குலசாமியிடம் பூ கேட்பார்கள். சிலையின் இரண்டு தோள்களிலும் ஈரப் பூவை ஒட்டி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். வலது பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது பக்கம் விழுந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். இரண்டும் விழாவிட்டால் சாமி யோசிக்கிறது, இன்னொரு நாள் வந்து கேட்க வேண்டும். கிணறு வெட்டவும் கேட்பார்கள், நிலம் வாங்கவும் கேட்பார்கள். என்னை நர்சிங்கில் சேர்ப்பதா லேப் படிப்பில் சேர்ப்பதா என்றுகூட எங்கள் வீட்டில் கேட்டார்கள். சாமி லேப் என்றது. இன்று தர்மபுரியில் ஒரு தனியார் லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் அவர், "சாமி இன்னும் பூ குடுக்கல" என்று சொன்னபோது நம்பினேன். வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் நூறு கேள்வி கேட்டிருப்பேன். சாமியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது?

அவர் எனக்குக் கிடைத்தது ஜாதகக் குரூப்பில். எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் போட்டோவையும் ஜாதகத்தையும் போட்டுக்கொள்ளும் வாட்ஸ்அப் குரூப் அது. அப்பா என்னுடையதைப் போட்டிருந்தார். போன் நம்பர் என்னுடையதையே கொடுத்துவிட்டார், அவருக்கு மிஸ்டு கால் பார்க்கத் தெரியாது என்பதால். ஓசூர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், அரூர் பக்கம் ஊர், ஜாதகம் பொருந்துகிறது, பங்காளி முறையும் இல்லை. "பெரியவங்க பேசறதுக்கு முன்னாடி நாம கொஞ்சம் பேசிக்கலாமே" என்றார். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. மாசி மாதம் அவர் அம்மா பூ கேட்கப் போவதாகச் சொன்னார். அன்று சாயங்காலம், "ரெண்டு பக்கமும் வுழல. அடுத்த அமாவாசைக்குப் பாக்கலாம்" என்று மெசேஜ் வந்தது. அடுத்த அமாவாசைக்கும் அதேதான். அதற்கடுத்த அமாவாசைக்கும்.

விட்டுப் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். வாரக் கணக்கில் "சாப்ட்டியா" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் வராது. நான் சலித்துப்போய்ப் பதில் போடாமல் இருந்தால், ஊரில் அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டின் போட்டோ வரும். "கிச்சன் ஜன்னல் கெழக்க வெக்கட்டுமா, தெக்க வெக்கட்டுமா? நீ சொல்றதுதான்." அடுப்பு மேல் காலை வெளிச்சம் விழட்டும் என்று கிழக்கே வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். டைல்ஸ் கலரும் நான் சொன்னதுதான். பூ விழாத கல்யாணத்துக்கு டைல்ஸ் மட்டும் ஒட்டியாகிவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் அம்மனின் போட்டோவை வாங்கிப் போனில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்தேன். கறி வாசனை பக்கம் போகவில்லை. இதைக் கேட்டு எங்கள் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் அதற்கும் ஒரு விளக்கு வைத்தேன். லேபில் பில் போடும் அக்கா, கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டு மருமகள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வார். "ஏம்மா, உங்க சாமிக்கு அவ்ளோ யோசனையா? எங்க மாமனாரே ஒரு டீ குடிக்கற நேரத்துல சரின்னுட்டாரு." நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

ஆனி மாதம் ஏரியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டுகிறவர், நல்ல குடும்பம். ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள், அதற்குள் பதில் வேண்டும் என்றார்கள். அப்பா தினமும் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பார், பிறகு தட்டைப் பார்ப்பார். நான் ஓசூருக்கு விஷயத்தைச் சொன்னேன். "அவசரப்படாத. ஆவணியில கண்டிப்பா வுழும்" என்று பதில் வந்தது. சாமி எந்த மாதத்தில் பூ கொடுக்கும் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. நாமே போய் அம்மனிடம் நேரில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

வீட்டில் தீர்த்தமலைக்குப் போவதாகச் சொன்னேன். பாதி உண்மை. அதே பஸ்தான், முன்னாலேயே அவர்கள் ஊரில் இறங்கிவிட்டேன். ரோட்டை ஒட்டிய புளியமரங்களுக்குப் பின்னால் சின்னக் கோயில், பூட்டியிருந்தது. பூசாரி பால் ஊற்ற சொசைட்டிக்குப் போயிருந்தார். அவர் மனைவி மாட்டுக்குத் தீவனம் வைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சாவியோடு வந்தார்.

ஓசூர்க்காரர் வீட்டு அடையாளம் சொல்லி, "அவங்க குலசாமி இதுதானுங்களாக்கா?" என்றேன்.

"ஆமா கண்ணு. புது வூடு கட்டறாங்களே, அவங்கதான?"

"ஆமாங்க. இன்னும் பூ வுழலையாமே அவங்களுக்கு?"

அந்த அக்கா சாவியைப் பூட்டில் வைத்தபடியே திரும்பினார். "யாரு சொன்னது? மாசியிலயே வுழுந்துடுச்சே! இண்டூர் பக்கத்துப் பொண்ணு, ரத்தம் எடுக்கற எடத்துல வேலைன்னு சொல்லி அந்தம்மா கேட்டாங்க. கேட்டு வாய மூடல, சோத்துக்கை பக்கம் பொத்துனு வுழுந்துச்சு. பொண்ணு வூட்லதான் இன்னும் யோசிக்கறாங்களாம். பையன்தான் சொல்றாப்ல, அவசரப்பட்டுப் போயி நின்னா மரியாத இல்லைன்னு. பாவம், அந்தம்மா அமாவாசைக்கு அமாவாசை வந்து வெளக்கு போடுது, அந்தப் பொண்ணு மனசு எறங்கணும்னு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி கொடுத்துவிட்டது, பூசாரி கொடுத்துவிட்டார், மாமியார் கொடுத்துவிட்டார். கொடுக்காதவர் ஒருவர்தான். அவருக்கு என்னைக் கட்டிக்கொள்ளவும் மனமில்லை, விடவும் மனமில்லை. ஓசூரில் இதைவிட நல்லதாக ஏதாவது அமைகிறதா என்று பார்க்கிறவரைக்கும் நான் இங்கே விளக்கு வைக்க வேண்டும், அவருடைய அம்மா அங்கே விளக்கு வைக்க வேண்டும். ஒரே அம்மனுக்கு இரண்டு பெண்கள் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது, அதுவும் என்னைவிட அந்த அம்மாவுக்காக.

"நீ யாரு கண்ணு?" என்றார் அக்கா.

"நான்தாங்கக்கா அந்தப் பொண்ணு."

அவர் கதவைத் திறந்தார். உள்ளே போய்க் குங்குமம் எடுத்து வந்து கொடுத்தார். பிறகு, "அந்தம்மா நம்பர் இருக்குது. போட்டுத் தரட்டுமா? நீயே பேசிடு" என்றார். வேண்டாம் என்றேன். உண்மை தெரிந்தால் அந்த அம்மா மகனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடும். இழுத்து வரப்பட்டவரோடு குடித்தனம் நடத்த எனக்கு இஷ்டமில்லை.

"பொண்ணு வூட்ல வேணாம்னுட்டாங்கன்னு மட்டும் சொல்லிடுங்கக்கா. இனிமே வெளக்கு போட வேணாம்னு சொல்லுங்க."

கொண்டுபோன தேங்காயை அங்கேயே உடைத்தேன். சாமிமேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

பஸ் தர்மபுரி வந்து சேர்வதற்குள் மெசேஜ் வந்துவிட்டது. "எங்கம்மா அழுவறாங்க. வேணாம்னு சொல்லி அனுப்பினியாமே? சாமி இன்னும் யோசிக்குது, அதுக்குள்ள என்ன அவசரம்?"

"மாசியிலயே வுழுந்துடுச்சுங்க" என்று போட்டேன்.

டிக் நீலமானது. டைப் செய்வதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. என் ஸ்டாப் வந்ததும் இறங்கிவிட்டேன்.

அப்பா வாசலில் சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏரியூர்க்காரங்களுக்கு என்ன கண்ணு சொல்லட்டும்?" என்றார், வழக்கம்போலத் தரையைப் பார்த்து.

"வரச் சொல்லுங்கப்பா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வெள்ளிக்கிழம நம்ம கோயில்ல ஒரு பூ கேட்டுட்டு..."

"சாமிகிட்ட அப்புறம் கேக்கலாம்ப்பா. மொதல்ல மாப்பிள்ளகிட்ட கேளுங்க, அவருக்கு இஷ்டமான்னு."